தார்ப்பாய் சுற்றிய மெத்தை

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்றுதான் குஞ்சரத்துக்குப் பயம்.

மாதையன் சாமியின் குடிசை வாசலில் வந்து நின்று அரைமணி நேரம் ஆகிவிட்டது. சொல்ல வேண்டியதை மூன்று விதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். முதல் விதம் குறை சொல்வதுபோல இருந்தது. இரண்டாவது விதம் அழுவதுபோல இருந்தது. மூன்றாவது விதத்தில், சொல்லக் கூடாத ஒன்று தானாக வாயில் வந்து நின்றது.

முதல் விதமே தேவலை என்று குனிந்து உள்ளே போனாள்.

“சாமி, நீங்க குடுத்த கம்பளி முடி தண்ணி விடுது.”

சாமி ஆட்டு முடி வெட்டும் கத்தரியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“எவ்வளவு விடுது அக்கா?”

அவருக்கு முப்பத்தெட்டு வயது. அவளுக்கு நாற்பத்தொன்பது. அதனால் அவர் அவளை அக்கா என்றார். அவள் அவரைச் சாமி என்றாள். இந்தக் கணக்கு அவளுக்கு இன்னும் பழகவில்லை.

தினமும் விடிகிறபோது முதுகெல்லாம் ஈரம், மெத்தையில் கைவைத்தால் சில்லென்று இருக்கிறது, ஒரு பொட்டுக்கூடத் தூக்கம் இல்லை என்று கடகடவென்று ஒப்பித்தாள். நடுவில் ஒரு விஷயத்தை மட்டும் தாண்டிப் போனாள்.

சாமி கத்தரியைத் தண்ணீரில் நனைத்து மறுபடி தீட்டினார்.

“இன்னைக்கு எத்தனாவது நாள்?”

“இருபத்தேழு.”

“ம்” என்றார் அவர்.

அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.



தேன்கல் மலை மடத்தில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. வந்து முப்பது நாளைக்குள் ஒரு முழுத் தூக்கம் தூங்கியிருக்க வேண்டும். தூங்காதவர் கீழே இறங்கிவிட வேண்டும்.

சுனைக்குப் போகிற பாதை பாறையின் விளிம்பை ஒட்டிப் போகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பத்து நாள் தூங்காமல் தியானம் செய்த ஒருவர் குடத்தோடு பனிமூட்டத்துக்குள் நடந்து போய்ப் பள்ளத்தில் விழுந்தார். உயிர் பிழைத்தது, கால் போயிற்று. அன்றைக்குப் போட்ட சட்டம்.

சமையல் பார்க்கும் நஞ்சப்பன் அதைத் தன் பாணியில் சொல்லுவான். மற்ற மடங்களில் எழுந்திருக்கச் சொல்லிக்கொடுப்பார்கள், இங்கே படுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதையும் சில பேரால் பாஸ் பண்ண முடியவில்லை என்பான். சில பேர் என்கிறபோது குஞ்சரத்தைப் பார்ப்பான்.

அவளுக்குக் கீழே இறங்க இஷ்டமில்லை.

கீழே தம்பி வீடு இருக்கிறது. குறை சொல்ல முடியாத வீடு. ஆனால் அங்கே அவள் படுக்கப் போகுமுன் மூன்று தடவை கேஸை மூடுவாள், நாலு தடவை தாழ்ப்பாளை ஆட்டிப் பார்ப்பாள், பிறகு பிள்ளைகளின் மூக்கில் கைவைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். பிள்ளைகள் முழித்துக்கொண்டு அலறும். தம்பி பெண்டாட்டி ஒன்றும் சொல்லமாட்டாள். விளக்கை மட்டும் போடுவாள். அந்த வெளிச்சத்தில் நிற்பதுதான் குஞ்சரத்துக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

மலை ஏறி வந்த அன்று அவள் சாமியிடம் கேட்டது இதைத்தான்.

“பயமில்லாம ஒரு நாள் இருக்கணும் சாமி.”

“ஒரு நாள் போதுமா?”

“அது எப்படி இருக்கும்னு தெரிஞ்சா போதும்.”

அவர் மந்திரம் சொல்லவில்லை. கொட்டகைக்குள் போய் இரண்டு மூட்டை ஆட்டு முடியைத் தூக்கி வந்து அவள் முன்னால் போட்டார்.



அந்த மடத்தில் வருகிறவர்கள் தங்கள் படுக்கையைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும். அதுதான் வழக்கம்.

குஞ்சரம் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் கைவேலையில் கெட்டி. முடியைச் சுனைத் தண்ணீரில் அலசினாள். பாறையில் காயவைத்தாள். முள்ளும் புழுக்கையும் பொறுக்கினாள். விரலால் பிய்த்துப் பிய்த்து மேகம் மாதிரி ஆக்கினாள். பருத்தித் துணியில் உறை தைத்து அதற்குள் பரப்பி, முடி ஒரு பக்கம் சேர்ந்துவிடாமல் ஜாணுக்கு ஒரு தையல் போட்டாள். ஏழு நாள் ஆயிற்று.

நாலு விரல் கனத்தில், மடித்தால் மடிகிற மெத்தை. சாமி வந்து முஷ்டியால் அதன் நடுவில் அழுத்தினார். பள்ளம் விழுந்தது. கையை எடுத்தார். பள்ளம் மெதுவாக மேலே எழும்பிச் சமமாயிற்று.

“நல்லா வந்திருக்கு” என்று போய்விட்டார்.

அவர் போன பிறகு குஞ்சரம் மெத்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை பாடுபட்டுச் செய்தது. இந்த மலையில் பனி சுவருக்குள்ளேயே வருகிறதே. மெத்தைக்குள் வராதா? எலி வந்தால்? பூச்சி வந்தால்? கணப்புச் சட்டியிலிருந்து பொறி பறந்தால்?

அன்று சாயங்காலமே அவள் ஒரு காரியம் செய்தாள். அதைத்தான் இப்போது சாமியிடம் சொல்லாமல் தாண்டினாள்.



சாமி கத்தரியைத் துடைத்து வைத்தார்.

“நேத்துப் பூரா மூட்டமா இருந்துச்சே. ஆடெல்லாம் எங்க நின்னுச்சு?”

“வெளியதான் சாமி.”

“அதுங்க தண்ணி விட்டுச்சா?”

போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

குஞ்சரம் போனாள். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆடு முட்டிவிடுமோ என்று ஒரு குச்சியும் எடுத்துக்கொண்டு போனாள்.

ஆடுகள் பனிக்குள் நின்று தம் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன. முதுகு முடியின் நுனியெல்லாம் மணி மணியாக நீர். ஒரு கிழ ஆடு மட்டும் ஓடாமல் நின்றது. அவள் பயந்து பயந்து அதன் முதுகில் கைவைத்தாள். மேலே ஈரம். விரலை உள்ளே விட்டாள். ஒரு கணு இறங்கியதும் ஈரம் நின்றுவிட்டது. இன்னும் இறங்கினாள். அடியில் காய்ந்து, கதகதவென்று, அடுப்பு மேடை மாதிரி இருந்தது.

விரலை எடுக்கவே மனசு வரவில்லை. ஆடு திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தது. எடுத்துவிட்டாள்.

வந்து சொன்னாள்.

சாமி கேட்டார்: “அதுக்கு மேல எதையாவது போத்தியிருந்துச்சா?”

தெரிந்து கேட்கிறாரா, தெரியாமல் கேட்கிறாரா என்று அவர் முகத்தில் தேடினாள். அவர் முகத்தில் தாடிதான் இருந்தது.

“ஆடு உசிரோட இருக்கு சாமி. மெத்தை அப்படியா?” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.



இருபத்தெட்டாம் நாள் வேறு விதமாகக் கேட்டாள்.

ஈரம் இருக்கட்டும், தீயை என்ன செய்வது என்றாள். கணப்பிலிருந்து ஒரு பொறி விழுந்தால் ஆட்டு முடி குப்பென்று பிடித்துக்கொள்ளாதா, அந்த நினைப்பில் கண் மூடவே முடியவில்லை என்றாள். இதில் பாதி உண்மை.

ஊரிலிருந்து எதையாவது தலைக்கு வைத்துக்கொள்ளக் கொண்டுவந்தாளா என்று சாமி விசாரித்தார். ஃபோம் தலையணை ஒன்று இருந்தது. அதை மட்டும்தான் அவள் முழுசாக நம்பினாள், கடையில் வாங்கியது என்பதால்.

எடுத்துவரச் சொன்னார். முற்றத்தில் ஒரு தட்டைக் கல்லின் மேல் அதை வைத்தார். பக்கத்தில் ஒரு கை ஆட்டு முடியை வைத்தார். இடுக்கியால் கணப்பிலிருந்து இரண்டு கங்கு எடுத்தார்.

ஒன்றை முடியின் மேல் வைத்தார். முடி சுருங்கியது. தலைமுடி பொசுங்குகிற நாற்றம் வந்தது. கங்கைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் விழுந்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. கங்கு அங்கேயே சாம்பல் பூத்து உட்கார்ந்தது.

இன்னொன்றைத் தலையணையின் மேல் வைத்து ஊதினார். அது கிண்ணம் மாதிரி உள்வாங்கியது. உருகிச் சொட்டியது. கறுப்புப் புகை ஒன்று எழும்பி, அதன் பின்னாலேயே தீ எழும்பியது.

சாமி குடத்தைக் கவிழ்த்தார்.

நஞ்சப்பன் சமையலறையிலிருந்து ஓடிவந்தான். கண் ரெண்டும் செக்கச் செவேலென்று இருந்தது அவனுக்கு. மூன்று வாரமாகவே அப்படித்தான் இருந்தது. “நான் அங்க ஈர விறகை ஊதி ஊதிச் சாகுறேன், இங்க சும்மா கிடந்த தலையாணி இப்படி எரியுதே” என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

குஞ்சரம் தலையணையைப் பார்க்கவில்லை. அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேற என்ன பயம் அக்கா?”

“பூச்சி தின்னுடுமா சாமி?”

“தின்னும்.”

அவள் அதை எதிர்பார்க்கவில்லை.

“அடைச்சு வெச்சா தின்னும். அப்பப்ப வெயில்ல போட்டு உதறணும். தினம் ஆளு படுத்துத் தூங்குற படுக்கையில அவ்வளவா வராது.”



இருபத்தொன்பதாம் நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்தது. சாமி கையைக் கழுவிவிட்டு அவள் அறை வாசலில் வந்து நின்றார்.

“அசதியா இருக்கு. உங்க மெத்தையில கொஞ்சம் படுத்துக்கிறேன்.”

குஞ்சரம், அறை கூட்டவில்லை என்றாள். பரவாயில்லை என்றார். ஈரமாக இருக்கும் என்றாள். அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றார். குரு படுக்க இடம் கேட்கிறபோது சிஷ்யை எத்தனை காரணம்தான் சொல்ல முடியும்? விலகி நின்றாள்.

சாமி படுத்தார்.

சரசரசர என்றது மெத்தை.

புரண்டார். சரசர. காலை நீட்டினார். சரக். கண்ணை மூடிக்கொண்டார்.

குஞ்சரம் கதவோரம் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு மணி நேரம்போல ஒரு மணி நேரம் அவள் வாழ்க்கையில் இல்லை. அவர் மூச்சு ஒரே சீராக வந்தது. ஆனால் நெற்றியில் முதலில் ஒரு துளி, பிறகு கழுத்தில் ஒரு துளி, பிறகு சட்டையில்லாத தோளில் பளபளவென்று வேர்வை. வெளியே பல் கிட்டுகிற குளிர்.

சாமி எழுந்து உட்கார்ந்தார். திரும்பி முதுகைக் காட்டினார். குளித்துவிட்டு வந்ததுபோல் இருந்தது.

“தண்ணி கம்பளி விடலை அக்கா. நான் விட்டது.”

குஞ்சரம் எட்டித் துண்டை எடுத்து நீட்டினாள்.

“தூங்குற ஆளு ஒவ்வொருத்தரும் விடுறதுதான். ஆடு முடின்னா வாங்கி உள்ள வெச்சுக்கிட்டு, மெதுவா வெளிய விட்டுடும். நமக்குத் தெரியக்கூடத் தெரியாது.”

மேல்விரிப்பை விரலால் ஒரு முனையில் தூக்கினார். நீலத் தார்ப்பாய் தெரிந்தது. மெத்தையைச் சுற்றி நாலு பக்கமும் மடித்து, கோணி ஊசியில் சணல் கோத்து நெருக்கமாகத் தைத்து, தைத்த ஓட்டையிலெல்லாம் மெழுகுவத்தி உருக்கி ஊற்றியிருந்தாள். எறும்பு நுழைய முடியாது.

அவர் அந்தத் தையலை மெச்சுகிற மாதிரி தடவிப் பார்த்தார்.

“பனி உள்ள வரக் கூடாதுன்னு தைச்சிருக்கீங்க. வரலை. உங்க வேர்வை எந்த வழியாப் போகும்?”

அவள் தையலைப் பார்த்தாள். நாலு மூலையையும் பார்த்தாள். அவள் தைத்தது அவளுக்குத் தெரியாதா. வழி இல்லை.

“தார்ப்பாய் விறகு மேல கிடந்தது சாமி. நான்தான் எடுத்தேன். மெத்தை தைச்சு முடிச்ச அன்னைக்கே எடுத்துட்டேன். உங்ககிட்ட தப்பாச் சொல்லிட்டேன்.”

இத்தனை நாள் பயந்தது ஒரு மூச்சில் வெளியே வந்துவிட்டது.

“எங்கிட்ட எதுக்கு?” என்றார் சாமி. “நான் சோறு தின்னவன். விறகு ஊதினவன் அவன்.”



குஞ்சரம் போய்ச் சொன்னதை நஞ்சப்பன் அடுப்படியில் நின்று கேட்டான். கையில் ஊதுகுழல்.

“காத்து அடிச்சுட்டுப் போயிடுச்சுன்னு நெனச்சேன்” என்றான். “பள்ளத்துல ரெண்டு நாள் எறங்கித் தேடினேன். முட்டியைப் பாருங்க.”

முட்டியில் காய்ந்த காயம் இருந்தது. குஞ்சரம் அதைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

“அது உங்க முதுகுக்குக் கீழ நிம்மதியாப் படுத்திருக்கு.”

“நிம்மதியா இல்ல தம்பி. சத்தமாத்தான் படுத்திருந்துச்சு.”

அவன் முறைத்தான். முறைப்பு நிற்கவில்லை, உதடு ஒரு பக்கம் கோணியது. அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டு, அரிவாள்மணை அங்கே இருக்கிறது, போய் அறுத்துக்கொண்டு வாருங்கள், இன்று ராத்திரிக்காவது விறகு காயட்டும் என்றான்.

அறுத்தாள். மெழுகு உதிர்ந்தது. சணல் விட்டது. தார்ப்பாயின் உள்பக்கம் முழுக்கத் துளி துளியாக, புரண்டதில் மெழுகு விரிசல் விட்ட தையல் வழியாக இறங்கி, திரும்ப வழியில்லாமல் நின்றது, மூன்று வாரம் அவளே விட்ட தண்ணீர். மெத்தையிலிருந்து மழையில் நனைந்த ஆட்டின் வாசம் வந்தது. அவள் செய்த மேகமெல்லாம் கட்டி கட்டியாக ஒட்டிக் கிடந்தது.

அன்றைக்கும் தூக்கம் இல்லை. படுக்கையே இல்லையே.



முப்பதாம் நாள். பொழுது சாயுமுன் தூங்கவில்லை என்றால் மூட்டையைக் கட்ட வேண்டும்.

குஞ்சரம் அதை நினைக்காமல் மெத்தையின் தையலைப் பிரித்தாள். கட்டிகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். கீழே போவதாக இருந்தாலும் இதைச் சரிசெய்து வைத்துவிட்டுப் போக வேண்டும், அடுத்து வருகிறவருக்காவது ஆகும் என்று நினைத்தாள். காலையெல்லாம் பிய்த்து, மறுபடி உறைக்குள் பரப்பி, பெரிய தையலாக நாலு போட்டாள்.

நடுப்பகலில் மூட்டம் கிழிந்து வெயில் வந்தது. மெத்தையைத் தூக்கிப்போய்ப் பாறை மேல் விரித்தாள்.

விரித்ததும் கவலை வந்தது. காற்று பலமாக இருந்தது. இந்தப் பக்கம் ஓரம் தூக்கியது. அதில் ஒரு கல்லை வைத்தாள். அந்தப் பக்கம் தூக்கியது. அங்கே ஒரு கல். நடுவில் கூடாரம் மாதிரி எழும்பியது. பள்ளத்தில் பறந்துபோய் விழுந்தால் மறுபடி அந்தப் பையன் முட்டியைத் தேய்த்துக்கொண்டு இறங்குவானே என்று பதறிப்போனாள்.

சுற்றுமுற்றும் பார்த்தாள். பெரிய கல் எதுவும் இல்லை.

தானே ஏறி நடுவில் உட்கார்ந்தாள். அப்போதும் தலைமாட்டில் படபடத்தது. உட்கார்ந்தால் போதவில்லை. காலை நீட்டி, கையை விரித்து, மெத்தை முழுவதையும் பிடித்துக்கொள்கிற மாதிரி படுத்தாள்.

அசைந்தால் காற்று புகுந்துவிடும் என்று அசையாமல் கிடந்தாள்.

அடியிலிருந்து சூடு ஏறியது. வெயிலின் சூடா, தன் சூடா என்று தெரியவில்லை. சத்தமில்லை. புரண்டு பார்த்தாள்; சத்தமே இல்லை. கண்ணுக்கு மேலே வானம் திறந்து கிடந்தது. கூரை இல்லை, கதவு இல்லை, ஆட்டிப் பார்க்கத் தாழ்ப்பாள் இல்லை. கேஸை மூடினோமா என்று ஒரு நினைப்பு வந்தது. கேஸ் எங்கே இருக்கிறது இங்கே என்று இன்னொரு நினைப்பு வந்தது. அதற்கப்புறம் நினைப்பு வரவில்லை.



எங்கேயோ தூரத்தில் பேச்சுக் குரல் கேட்டது. பிறகு கிட்டத்தில் கேட்டது.

முகத்தில் சில்லென்று ஒரு துளி விழுந்தது. கன்னத்தில் இன்னொன்று. வெயில் போய் வெகுநேரம் ஆகியிருந்தது என்பது மூடிய கண்ணுக்கே தெரிந்தது.

“தூறல் போடுது சாமி” என்றது நஞ்சப்பனின் குரல். “மத்தியானத்திலேருந்து இப்படியே கிடக்குறாங்க. எழுப்பி உள்ள கூட்டிட்டுப் போயிடுறேன். மூணு வாரம் கழிச்சு இன்னைக்குத்தான் காயவெச்சாங்க, மறுபடி நனைஞ்சுடும்.”

தூறல் கொஞ்சம் வலுத்தது.

“நனையட்டும்பா” என்றார் சாமி. “அதுக்குக் காயத் தெரியும்.”

குஞ்சரம் கண்ணைத் திறக்கவில்லை. விரலால் தனக்கு அடியில் மெத்தையைத் துழாவினாள். காய்ந்துதான் இருந்தது.

பக்கத்திலிருந்த கல்லைத் தள்ளிவிட்டு, மெத்தையின் ஓரத்தைக் காதுவரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.